கட்டைவிரல் அகலம்

மிருதுளா வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே டாக்டர் ஞானராஜிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். அதுவும் நான்கு வருடம் கல்லூரியில் படித்து அவள் உருப்படியாகக் கற்றுக்கொண்ட ஒரே விஷயத்துக்காக.

"இங்க எதுக்கு இவ்வளவு இடம் சும்மா கெடக்கு?" என்றார், அவள் அச்செடுத்துக் கொண்டுபோன தாளைப் பார்த்து.

"காலியிடம் விட்டாத்தான் சார் டிசைன் மூச்சு விடும்."

"டிசைன் மூச்சு விடறது இருக்கட்டும். பேஷண்ட் மூச்சு விட வேண்டாமா?"

சொல்லிவிட்டுத் தன் வலது கட்டைவிரலை இரண்டு வட்டங்களுக்கு நடுவே இருந்த வெள்ளையில் அழுத்தினார். அவருக்குத் தடித்த விரல். அது முழுசாக உள்ளே அடங்கியது. "ரெண்டு நிகழ்ச்சிக்கு நடுவுல இந்த விரல் நுழைஞ்சா, அந்தத் தாள் இந்த ரூமைத் தாண்டாது. எழுதி வெச்சுக்கோ."

கோவைக்கு வடக்கே மலை தெரிகிற இடத்தில் இருந்த அந்த மையத்துக்கு 2047இல் நல்ல பெயர். விபத்திலோ பக்கவாதத்திலோ பத்து இருபது வருட நினைவு அழிந்துபோனவர்களுக்கு அதைத் திரும்ப ஊன்றிக் கொடுப்பார்கள். வைத்தியம் கேட்பதற்கு எளிது. தலையில் ஒரு தொப்பி, எதிரே சாப்பாட்டு மேசை அகலத்துக்கு ஒரு தாள். தாளில் காலக்கோடு. இடமிருந்து வலமாக வருடங்கள், ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு வட்டம், ஒரு படம், இரண்டு சொல். நோயாளி தினம் நாற்பது நிமிடம் வீதம் நாற்பது நாள் அதைப் பார்த்தால், தாளில் இருப்பது மனசில் வேர்விடும். பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தால் மூளை சீந்தாது. ஒரே பார்வையில் அள்ளுகிற மாதிரி இருந்தால்தான் எடுத்துக்கொள்ளும். அதனால் அங்கே டாக்டர்கள் மூன்று பேர், டிசைனர்கள் பதினோரு பேர். காலக்கோடு என்று யாரும் முழுசாகச் சொல்வதில்லை. 'கோடு' அவ்வளவுதான்.

காலியிடம் ஏன் கூடாது என்று அவள் கேட்டபோது ஞானராஜ் எழுந்தார். தோட்டத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஓர் அறைக்குக் கதவே இல்லை, பச்சைத் திரைச்சீலை மட்டும் தொங்கியது. உள்ளே ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி சபாபதி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"இவர் கோட்டுல ஒரு டிசைனர் ரெண்டு வருஷத்தைக் காலியா விட்டுட்டான்," என்றார் ஞானராஜ் தணிந்த குரலில். "மூளைக்குக் காலியிடம் ஆகாது. அதுல எதையாவது ஊத்தி ரொப்பும். சந்தோஷத்தையா ரொப்பும்? பயத்தைத்தான் ரொப்பும். அந்த இடத்துக்குப் பக்கத்துல எந்தப் படம் இருக்கோ, அந்தப் பயம் அது மேல போய்ப் படியும். இவருக்குப் பக்கத்துல இருந்தது புது வீட்டுக் கிரகப்பிரவேசம். தலைவாசல் கதவுப் படம். அஞ்சு வருஷமா எந்தக் கதவையும் தாண்ட மாட்டேங்கறார். வீட்டுக்குப் போக முடியல."

"திருத்த முடியாதா சார்?"

"வேர்விட்டதைப் பிடுங்கற வித்தை இன்னும் யாருக்கும் தெரியாது."

அன்றிலிருந்து மிருதுளாவுக்கு வெள்ளையைக் கண்டால் ஆகாது. வீட்டில் சாப்பாட்டுத் தட்டில் இடம் இருந்தால்கூட அப்பளத்தை நகர்த்தி வைத்து மூடினாள் என்று அவள் அம்மா ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள்.

இன்னொரு விதியும் உண்டு. தாளின் வலது மூலையில் வரைந்தவரின் பெயரும் தபால்தலை அளவுப் படமும் இருக்கவேண்டும். தப்பு நடந்தால் யார் கழுத்தைப் பிடிப்பது என்று தெரியவேண்டுமல்லவா. மிருதுளாவின் படம் அந்த முதல் வாரத்தில், திட்டு வாங்கிய பத்தாவது நிமிடம் எடுத்தது. கையும் களவுமாகப் பிடிபட்டவள் மாதிரி விழித்துக்கொண்டிருப்பாள். ஒரு மாதம் அதைப் பார்த்துப் பார்த்து நொந்தாள். பிறகு பார்ப்பதையே விட்டுவிட்டாள். புதுத் தாள் திறந்தால் அதுவே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

மூன்று வருடம் ஒழுங்காகத்தான் போயிற்று. பிறகு தன்யஸ்ரீயின் கோப்பு வந்தது.

வயது முப்பத்தொன்பது. ஜனவரியில் வீட்டு மாடிப்படியில் விழுந்து தலையில் அடி. கல்யாணத்துக்கு முந்தின வாரம் வரை எல்லாம் ஞாபகம் இருக்கிறது, அதற்கப்புறம் பதினோரு வருடம் சுத்தமாக இல்லை. கணவர் நவநீதன், பம்ப்செட் உதிரிபாகக் கம்பெனி வைத்திருப்பவர். சட்டப்படி அவர்தான் பொறுப்பாளர். திருத்தம் சொல்வதும் கடைசியில் கையெழுத்துப் போடுவதும் அவர் உரிமை.

மிருதுளா எப்போதும் போல வேலையை ஆரம்பித்தாள். போனில் இருந்த படங்கள், பள்ளிக்கூடத்துச் சான்றிதழ்கள், ஆஸ்பத்திரிச் சீட்டுகள் எல்லாவற்றையும் தேதிவாரியாகப் பிரித்தாள். விசேஷங்களுக்குப் பச்சை. படிப்பு, வேலை, வெளியே போய்வருவதற்கு நீலம். நோய் நொடிக்கு ஆரஞ்சு. பச்சையை வைத்தாள், நீலத்தை வைத்தாள். ஆரஞ்சை வைக்க வைக்க அவள் கை மெதுவானது.

ஓட்டுநர் உரிமம் வாங்கியது, நீலம். இரண்டு நாள் கழித்து மணிக்கட்டு முறிவு, ஆரஞ்சு. பாத்ரூமில் வழுக்கியதாகச் சீட்டில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தது, நீலம். மூன்றாம் நாள் இடது கையில் குக்கர் ஆவி, ஆரஞ்சு. சிறந்த ஆசிரியர் விருது வாங்கிய அதே வாரம் செவிப்பறை கிழிந்திருந்தது. காது குடையும்போது பட்டுவிட்டதாம். சத்தியமங்கலத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்கு இரண்டு முறை தனியாகப் போய்வந்திருந்தாள், இரண்டு முறையும் பின்னாலேயே ஓர் ஆரஞ்சு. கடைசி நீலம், தலைமையாசிரியையாகத் தேர்வானது. மறுநாள் மாடிப்படி.

ஆறு நீலம், ஆறு ஆரஞ்சு. ஒவ்வொன்றும் ஒட்டிக்கொண்டு நின்றது. சீட்டுகளாக ஒரு கவரில் கிடந்தவரை அது வெறும் துரதிர்ஷ்டம். கோட்டில் வரிசையாக நிறுத்தியதும் அது வேறு ஒன்றாகிவிட்டது. மிருதுளா எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள், திரும்பி வந்து மறுபடி பார்த்தாள். வட்டங்கள் அங்கேயேதான் இருந்தன.

ஞானராஜிடம் தாளைக் கொண்டுபோய்க் காட்டினாள்.

"சந்தேகம்தானே?"

"ஆறு தடவை சார்."

"வெளியில சொன்னா உனக்கு மூணு வருஷம் ஜெயில். பேஷண்ட் கோப்பு ரகசியம்னு கையெழுத்துப் போட்டுத்தானே உள்ள வந்தே?"

"போலீஸ்ல சொன்னாக்கூடவா?"

"என்னன்னு சொல்லுவே? நீல வட்டத்துக்குப் பக்கத்துல ஆரஞ்சு வட்டம் இருக்குதுன்னா? கேஸ் கொடுக்க வேண்டியது அந்தப் பொண்ணு. அதுக்கு அந்த ஆளைக் கட்டிக்கிட்டதே ஞாபகமில்ல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாம வரையறவங்க மிருதுளா. விசாரிக்கறவங்க இல்ல."

அவர் சொன்னது அத்தனையும் சரி. சரியாக இருந்ததுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

படம் சரிபார்க்க வார்டுக்குப் போனபோது தன்யஸ்ரீ சன்னலோரம் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். முப்பத்தொன்பது வயது முகம், இருபத்தெட்டு வயதுச் சிரிப்பு. பாதிப் பழத்தை நீட்டினாள்.

"நீங்கதான் என்ற தாளை வரையறீங்களாமா? சிஸ்டர் சொன்னாங்க. ஏனுங்க, ஒண்ணு கேக்கட்டுங்களா? அவரு எப்படிங்க, நல்லவரா? போட்டோவுல பாத்தா நல்லாத்தான் இருக்காரு."

நோயாளியிடம் கோட்டைப் பற்றிப் பேசக்கூடாது என்பது விதி. மிருதுளா பழத்தை வாயில் போட்டுக்கொண்டாள்.

"சரி விடுங்க, சொல்லமாட்டீங்க போல." தன்யஸ்ரீ புடவைத் தலைப்பை விலக்கி இடது முழங்கையைக் காட்டினாள். தோல் சுருங்கிப் பளபளத்தது. "இதாவது எப்படி வந்துதுன்னு உங்க தாள்ல வருமில்லீங்க? எனக்குப் பாக்கப் பாக்க ஒரு மாதிரி இருக்குதுங்க."

"வரும்," என்றாள் மிருதுளா.

தன்யஸ்ரீ அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கணக்கு டீச்சருக்கே உரிய உறுதியான பிடி. "உங்களைப் பாத்தா எனக்குத் தைரியமா இருக்குதுங்க," என்றாள். சாயந்திரம் வீட்டுக்குப் போகும்வரை மிருதுளாவின் விரல்களில் ஆரஞ்சுத் தோல் வாசனை போகவே இல்லை.

முதல் கரெக்‌ஷனுக்கு நவநீதன் நேரிலேயே வந்தான். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத பேண்ட், கையில் எல்லோருக்கும் சேர்த்து மைசூர்பாகு. சிரித்த முகம். மிருதுளா எதிர்பார்த்த மாதிரி ஒரு முரடனாக இருந்திருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"நல்லா வந்திருக்குதுங்க அம்மிணி. ஆனா இந்த ஆரஞ்செல்லாம் எதுக்கு? பட்ட கஷ்டத்தை எதுக்குத் திருப்பி ஞாபகப்படுத்தணும்? பாவம், அவ சந்தோஷமா இருக்கட்டுமே. எடுத்துருங்க."

எந்தக் கணவனும் சொல்லக்கூடியதுதான். ஆறு ஆரஞ்சும் போயின. இடைவெளி விழாமல் இருக்க மிருதுளா பக்கத்து வட்டங்களைப் பெரிதாக்கி மூடினாள். தன்யஸ்ரீயின் முழங்கைக்கு இனி எங்கேயும் பதில் இல்லை.

இரண்டாவது கரெக்‌ஷனில் நீலங்களும் போயின. "வேலைக்குப் போனதை நெனச்சா மறுபடி போகணும்னு ஆசை வரும். தலையில அடிபட்ட பொம்பளைக்கு அது ஆகுமுங்களா?" அக்காவின் வட்டமும் போயிற்று. "அவங்களுக்கும் எங்களுக்கும் போக்குவரத்து இல்லீங்க." பதிலுக்கு ஒன்று சேர்க்கச் சொன்னான். வால்பாறை சுற்றுலா, 2039. மிருதுளாவுக்கு அந்தத் தேதி மனப்பாடம். கையில் கட்டோடு தன்யஸ்ரீ ஆஸ்பத்திரியில் படுத்திருந்த வாரம் அது.

"இதுக்கு... படம் ஏதாவது இருக்குங்களா?" என்று கேட்டுவிட்டாள். கேட்டவுடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவன் சிரிப்பு மாறவில்லை. மைசூர்பாகுப் பெட்டியை அவள் பக்கம் தள்ளினான். "நீங்க சூலூர்ப் பக்கமுங்களா? இங்க ரெண்டாவது கேட் ஸ்டாப்புல பஸ் ஏறுவீங்க போல. நேத்துப் பாத்தேன். ஊதாக் கலர் சுடிதார்." ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டான். "அந்த ரோட்டுல ஆள் நடமாட்டமே இல்லீங்களே. பாத்துப் போங்க."

அவள் வால்பாறையை வரைந்தாள். மலைக்கோடு இரண்டு முறை கோணிப்போயிற்று. கதையில் வருகிறவர்கள் இந்த இடத்தில் நிமிர்ந்து நின்று ஏதாவது சொல்வார்கள். மிருதுளா சொல்லவில்லை. அன்றிலிருந்து முதலாவது கேட்டில் போய் பஸ் ஏறினாள், ஊதாச் சுடிதாரைப் பீரோவின் அடியில் வைத்தாள், அம்மாவிடம் தலைவலி என்றாள்.

மூன்றாவதுதான் கடைசிக் கரெக்‌ஷன். பதினோரு வருடத்தில் மிச்சமிருந்தது கல்யாணம், கல்யாண நாட்கள், கோயில், வால்பாறை. அவற்றையே ஊதி ஊதித் தாள் முழுக்கப் பரப்பியிருந்தாள். நவநீதன் முகத்தைச் சுளித்தான்.

"என்னங்க இது, கட்சி போஸ்டராட்டம் நெருக்கி அடிச்சிருக்கீங்க? எங்க கல்யாணப் பத்திரிகை பாத்தீங்களா? நடுவுல நாலே வரி, சுத்தியும் வெள்ளை. அதுதானுங்க கௌரவம். அங்கங்க கொஞ்சம் காலியா விடுங்க அம்மிணி. அப்புறம், என்ற போட்டோ சின்னதா இருக்குது. ஒவ்வொண்ணுலயும் நல்லாத் தெரியற மாதிரி வெச்சிருங்க."

இங்கே அவள் சொல்லவேண்டிய வாக்கியம் ஒன்று உண்டு. மூன்று வருடமாக ஒவ்வொரு பொறுப்பாளரிடமும் சொல்லி வந்தது: மன்னிக்கணும், காலியிடம் விடக்கூடாது, நோயாளிக்கு ஆபத்து. வாயைத் திறந்தாள். வாக்கியம் வரவில்லை. வேறொன்று வந்தது.

"எழுத்துல குடுத்துருங்க சார். காலியா விடணும், போட்டோ பெருசா வெக்கணும்னு."

அவன் சந்தோஷமாக எழுதிக் கொடுத்தான். நல்ல கையெழுத்து.

அவன் போனபிறகுதான் தான் என்ன நினைத்துவிட்டோம் என்பது அவளுக்கே உறைத்தது. தாளில் எதையும் புதிதாகச் சேர்க்க முடியாது. ஒப்புதல் இல்லாத ஒரு புள்ளி இருந்தாலும் சரிபார்க்கிற இயந்திரம் கத்தும். ஆனால் இல்லாததைப் பார்த்து இயந்திரம் கத்தாது. அதைப் பிடிக்க இருப்பது ஒரு கிழவரின் கட்டைவிரல் மட்டுமே.

மதியம் சாப்பிடாமல் சபாபதியின் அறைக்குப் போனாள். திரைச்சீலைக்கு வெளியே நின்று, "சார், ஒண்ணு கேக்கலாமா? அந்தப் பயம் எப்படி இருக்கும்?" என்றாள்.

அவர் பேப்பரை மடித்தார். "நாய் கடிச்சவனுக்கு நாயைக் கண்டா பயம். அது ஒரு கணக்குல வரும்மா. எனக்குக் கதவு என்ன பண்ணிச்சு? ஒண்ணும் பண்ணலைன்னு எனக்கே தெரியும். தெரிஞ்சும் கிட்டப் போனா உசிர் போற மாதிரி இருக்கு. என் பேத்தி கல்யாணத்துக்குப் போகல. மண்டப வாசல்ல கார்லயே உக்காந்திருந்து திரும்பிட்டேன்." பேப்பரை மறுபடி விரித்தார். "விரோதிக்கும் இது வேண்டாம்."

மிருதுளா கழிப்பறைக்குப் போய் அழுதாள். ஒரு பெண்ணின் மண்டைக்குள் தெரிந்தே பயத்தை நட்டுவைப்பது என்றால் அது என்ன மாதிரி வேலை? அவனும் அதைத்தானே பதினோரு வருடம் செய்தான்? ஆனால் தன்யஸ்ரீ இப்படியே சிரித்துக்கொண்டு, வால்பாறையை நினைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனால், மாடிப்படி அங்கேயேதான் இருக்கப்போகிறது. ஆறு தடவை தப்பிப் பிழைத்தவளிடம் இருந்த ஒரே காவல் அந்தப் பயம்தான். மற்றதையெல்லாம் அவன் அழிக்கச் சொல்லிவிட்டான். அதையாவது திருப்பிக் கொடுக்கலாம்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஆறு ஆரஞ்சும் இருந்த ஆறு இடங்களை அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டும் காட்டத் தெரியும். அந்த ஆறையும் திறந்தாள். ஒவ்வொன்றும் இரண்டு கட்டைவிரல் அகலம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் வருகிற படங்களில் நவநீதனின் சிரித்த முகத்தைப் பெரிதாக, வெள்ளையைத் தொட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி வைத்தாள். கடைசி இடம், ஜனவரி மாடிப்படி, தாளின் வலது ஓரம் வரை போயிற்று. அதைத்தான் எல்லாவற்றிலும் அகலமாக விட்டாள்.

நவநீதன் திரையில் பார்த்து, "இப்பத்தானுங்க லட்சணமா இருக்குது!" என்று கையெழுத்துப் போட்டான். விதிப்படி மூலக் கோப்புகள் அந்த நிமிடமே அழிந்தன. ஆறு தேதிகளும் இனி மிருதுளாவின் தலையில் மட்டும்தான்.

ஞானராஜ் அச்சுத்தாளை மேசையில் விரித்தார். வழக்கம்போலக் கட்டைவிரலை எடுத்துக்கொண்டு இடது ஓரத்திலிருந்து வந்தார். முதல் வெள்ளையில் விரல் விழுந்தது. நின்றது. அடுத்ததில் விழுந்தது. ஆறிலும் அழுத்தி முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது என்ன?"

"பொறுப்பாளர் கேட்ட கரெக்‌ஷன் சார். எழுத்துல இருக்கு."

அவர் எழுத்தைக் கேட்கவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆரஞ்சு வட்டங்கள் எங்கே இருந்தன என்பது அவருக்கும் மறந்திருக்காது. பிறகு பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

"இன்னிக்கு எனக்கு விரல்ல வலி," என்றார். "அளந்து பாக்கல. புரியுதா?"

நாற்பது நாளும் மிருதுளா ஒழுங்காகச் சாப்பிடவில்லை. வார்டு பக்கம் போகாமல் சிஸ்டரின் குறிப்புகளை மட்டும் படித்தாள். ஐந்தாம் நாள், கல்யாணப் புடவையின் நிறத்தைச் சொன்னாள். பன்னிரண்டாம் நாள், தட்டை வாங்கும்போது கை நடுங்கியது, காரணம் கேட்டதற்குத் தெரியவில்லை என்றாள். இருபதாம் நாள், வால்பாறையில் குளிராக இருந்ததாகச் சொல்லிச் சிரித்தாள். முப்பதாம் நாள் குறிப்பில் ஒன்றுமே இல்லை. அதுதான் அவளை மிகவும் வாட்டியது. வேர்விட்டதா இல்லையா? விட்டது எதன் மேல்? கதவு மேலா, சோறு மேலா?

கடைசி நாள் காலை பத்து மணிக்கு நவநீதன் காரோடு வந்தான். கையில் மல்லிகைச் சரம். மிருதுளா வரவேற்பறைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றாள். தன்யஸ்ரீ பையோடு நடந்து வந்தாள், சிஸ்டரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தபடி. அவனைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. ஒன்றும் நடக்கவில்லை, எல்லாம் வீண், இவளைச் சிரிக்கச் சிரிக்க அனுப்பிவைக்கிறோம் என்று மிருதுளா நினைத்தாள்.

"வா தன்யா, போலாம்," என்று அவன் கையை நீட்டினான்.

நாலு தப்படி இருக்கும்போது தன்யஸ்ரீ நின்றாள். பை கீழே விழுந்தது. சிரிப்பு முகத்திலேயே இருந்தது, ஆனால் அதற்குக் கீழே தாடை ஆடத் தொடங்கியது.

"என்ன தன்யா?"

"தெரியலீங்க." குரல் கீச்சென்று வந்தது. "நீங்க நல்லவருதான். வால்பாறைக்கெல்லாம் கூட்டிட்டுப் போனீங்க. ஆனா கிட்ட வராதீங்க. சிஸ்டர், வர வேண்டாம்னு சொல்லுங்க. நான் போகல. நான் போகலீங்க!"

அவன் ஓரடி எடுத்து வைத்தான். அவள் போட்ட சத்தத்தில் தோட்டத்துக் காகங்கள் பறந்தன. சுவரோரம் சரிந்து உட்கார்ந்து இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டாள். யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே, அடி விழும் இடத்தை மூடுகிற மாதிரி மூடினாள்.

ஞானராஜ் வெளியே வந்தார். நோயாளி மறுத்தால் பொறுப்பாளரோடு அனுப்ப முடியாது, நீதிமன்றம் வேறு ஆளைத் தீர்மானிக்கும் வரை அடுத்த ரத்த உறவைக் கூப்பிடவேண்டும் என்பது விதி. "சத்தியமங்கலத்துல ஒரு அக்கா இருக்காங்க, இல்லீங்களா?" என்றார் பொதுவாக. நவநீதன் கத்தினான், கோடு தப்பு என்றான். ஞானராஜ் அவன் கைப்பட எழுதிய தாளை எடுத்துக் காட்டினார். அவன் படித்தான். பிறகு தலையைத் திருப்பிக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்தான். அப்போது அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. பதினோரு வருடம் தன்யஸ்ரீ பார்த்த முகம் எது என்று மிருதுளாவுக்கு அந்த ஒரு நொடியில் தெரிந்துபோயிற்று.

காவலாளிகள் வந்து நின்றதும் அவன் மல்லிகைச் சரத்தை நாற்காலியில் எறிந்துவிட்டுப் போனான்.

கார் போகும் சத்தம் கேட்டதுதான் தாமதம், மிருதுளா கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். நாற்பது நாளாக அடக்கி வைத்தது எல்லாம் பொங்கிவிட்டது. தன்யஸ்ரீ முன்னால் மண்டியிட்டு, "ஒண்ணுமில்லக்கா, அவர் போயிட்டார், நான்தான், நான் மிருதுளா," என்று அவள் கையைப் பிடிக்கப் போனாள்.

தன்யஸ்ரீ கண்ணைத் திறந்து அவள் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் மறுபடி அலறினாள், முன்னைவிடச் சத்தமாக. சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு கால்களால் தரையை உதைத்து விலகினாள். "இவங்களும் வேண்டாம்! இவங்களைப் போகச் சொல்லுங்க சிஸ்டர்! ஐயோ, இவங்களும் வேண்டாம்!"

ஞானராஜ் மிருதுளாவைத் தோளைப் பிடித்து எழுப்பி அறைக்குக் கூட்டிப்போனார். தாளை விரித்தார். கடைசி வெள்ளையின் மேல், எல்லாவற்றிலும் அகலமானதன் மேல், கட்டைவிரலை வைத்தார். அதன் இடது பக்கம் நவநீதன். விரலை வலது பக்கம் நகர்த்தினார்.

மூலையில், தபால்தலை அளவில், கையும் களவுமாகப் பிடிபட்டவள் மாதிரி விழித்துக்கொண்டு அவள் இருந்தாள்.

"நானும் பாக்கல," என்றார் அவர். "மூலையை யார் பாக்கறாங்க?"

அக்கா சுகன்யா மறுநாளே வந்து தங்கையைக் கூட்டிப்போனார். மூன்றாவது மாதம் நீதிமன்றம் அவரையே பொறுப்பாளராக்கியது. தன்யஸ்ரீ சத்தியமங்கலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறாள். கதவு, சோறு, மாடிப்படி எதுவும் அவளுக்குப் பயமில்லை. இரண்டே இரண்டு முகங்கள்தான். நவநீதன் ஒருமுறை பள்ளி வாசலில் வந்து நின்றபோது, அவள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டதாம். அதற்கப்புறம் அவன் அந்தப் பக்கம் வரவில்லை என்று கேள்வி. வேறெங்கே நிற்கிறானோ என்று மிருதுளா இன்றைக்கும் பஸ் ஏறுமுன் நாலாபக்கமும் பார்க்கிறாள்.

மாதம் ஒரு முறை சுகன்யா போன் செய்வார். விஷயம் முழுக்கத் தெரியாவிட்டாலும் ஏதோ தெரிந்தவர். போன வாரமும் செய்தார்.

"நல்லா இருக்காளுங்க. சாப்பிடறா, தூங்கறா. உங்களைத்தான்..." தயங்கினார். "நேத்துக்கூட உங்க பேரை எடுத்தேன். தட்டைக் கீழ போட்டுட்டா. உதறல் நிக்க அரை மணி நேரம் ஆச்சுங்க. எனக்குச் சொல்லவே சங்கடமா இருக்குது. நீங்க எவ்வளவு நல்லது பண்ணியிருக்கீங்க, அவ இப்படி..."

மிருதுளா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அவள் கண் நிறைந்திருந்தது. ஆனால் மாதம் முழுக்க நெஞ்சில் கட்டியிருந்த ஒன்று அப்போதுதான் இளகியது. இரண்டு பயமும் ஒரே வெள்ளையில் முளைத்தவை. ஒன்று இருந்தால் மற்றதும் இருக்கும்.

"இருக்கட்டும்க்கா," என்றாள். "அடுத்த மாசமும் என் பேரை எடுத்துப் பாத்துச் சொல்லுங்க."